வாசலில் நிறுத்திய பறை

பொங்கல் திருப்பலியன்று நம் பங்குகள் பலவற்றில் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாடகர் குழு நாட்டுப்புற மெட்டில் ஒரு காணிக்கைப் பாடலைப் பாடுகிறது. கீபோர்டுக்குள் எங்கோ பதிந்து வைத்திருக்கும் பறையோசை, பொத்தானை அழுத்தியதும் அதிர்ந்து எழுகிறது. மக்கள் தாளமிடுகிறார்கள். பங்குத்தந்தையராகிய நாமும் மறையுரையில் பண்பாட்டுமயமாதலைப் பற்றி இரண்டொரு வாக்கியம் பேசி மனநிறைவு கொள்கிறோம். அந்த ஓசைக்குரிய உண்மையான கருவியும், அதை அடித்துப் பழகிய கைகளும் அந்நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்குப் பண்பாட்டுமயமாதல் என்று பெயரிட நமக்கு மனம் வரவில்லை. களவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

கடுமையான சொல் என்பதை அறிவோம். அச்சொல்லைத் துணிந்து எழுத நம்மைத் தூண்டியது ஒரு பாடகரின் வாழ்க்கை. அவர் கத்தோலிக்கர் அல்லர். தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர். திண்டுக்கல்லில் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பெயர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். ஆனால் சிற்றூர்களில் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவேளை விழிப்பார்கள். 'பரட்டை அண்ணன்' என்று கேட்கவேண்டும். பேராசிரியர் என்றோ ஐயர் என்றோ அல்லாமல், கலைந்த தலையை வைத்து வந்த ஒரு கேலிப்பெயரோடு 'அண்ணன்' என்ற உறவுச் சொல்லைச் சேர்த்து அழைக்கப்படுவதை உவந்து ஏற்றுக்கொண்ட குருவானவர் நம்மில் எத்தனை பேர்?

நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற 1990களில் அவர் தம் பணியின் உச்சத்தில் இருந்தார். கார்ல் ரானரின் கருத்துகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து ஒப்புவித்தோம். ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் ஒருவர் கும்மி மெட்டிலும் தாலாட்டு மெட்டிலும் இறையியல் எழுதிக்கொண்டிருந்தது நம் செவிக்கு எட்டவேயில்லை. சுவர்கள் அவ்வளவு உயரமாக இருந்தன.

அவர் இசை அறியாமல் நாட்டுப்புறத்துக்கு வந்தவர் அல்லர். கர்நாடக இசையும் மேலை இசையும் அவருக்குக் கைவந்தவை. தொடக்கத்தில் அவ்வழிகளில் பாடல்கள் அமைத்தவர்தாம். தலித் குடியில் பிறந்தவர். ஆலயத்தில் ஒலிக்கும் உயர்ந்த இசை யாருடைய இசை என்ற கேள்வியை அவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். கீர்த்தனையைக் கற்க ஆசான் வேண்டும். பண்ணிசைக் குறிப்பைப் படிக்கப் பள்ளி வேண்டும். ஆர்கன் வாங்கப் பணம் வேண்டும். களை எடுக்கும் பெண்ணுக்கு இம்மூன்றும் இல்லை. ஆனால் அவளிடம் பாட்டு இருக்கிறது. அப்பாட்டிலேயே வழிபாடு அமையட்டும் என்று அவர் முடிவு செய்தார். 1986இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், நாட்டார் வழக்காறு சமூக மாற்றத்துக்கான கருவி என்று வாதிடுகிறது. 'கிராமிய இசை வழிபாடு' என்ற பெயரில் தொடக்கம் முதல் ஆசீர் வரை முழு வழிபாட்டு முறையையும் அவர் நாட்டுப்புற இசையில், அதுவும் பேச்சுத் தமிழில் அமைத்தார்.

அதில் ஆண்டவர் கற்பித்த செபத்தை அவர் தொடங்கும் விளி நம்மை நெடுநாள் உறங்கவிடவில்லை. 'தந்தையே' என்பதற்கு ஈடாக அவர் தேர்ந்த சொல் 'பெத்தவரே' என்பது. வீட்டில் நாள்தோறும் புழங்கும் சொல். தாய்க்கும் பொருந்தும், தந்தைக்கும் பொருந்தும். கடவுளின் தாய்மையை விளக்க நாம் நாற்பது பக்கக் கட்டுரை எழுதுகிறோம். அவர் அதை ஒரே சொல்லில் வைத்துவிட்டுத் தாளத்தைத் தொடங்கிவிட்டார்.

பேச்சுமொழி வழிபாட்டுக்குத் தகுதியற்றது என்பார் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுவோம். பேதுருவை அந்த இரவில் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு. ஆண்டவரும் அதே வட்டாரத்தில் வளர்ந்தவர்தாம். நம் ஊரில் பெஸ்கி என்ற பெயரைக் கல்லூரிக்குச் சூட்டிப் போற்றுகிறோமே, அந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு மட்டும் இலக்கணம் எழுதவில்லை, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் எழுதினார். (இவ்வாதத்தை நாம் செந்தமிழில் எழுதிக்கொண்டிருப்பது நமக்கும் உறுத்தத்தான் செய்கிறது. குருமடத்துப் பழக்கம், மன்னிக்க.)

பரட்டையிடம் நாம் கற்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. நம் பாடல் நூலில் உள்ள பாட்டை ஒரு கிராமத்துப் பெண் சொல்லை மாற்றிப் பாடினால், பாடகர் குழுத் தலைவர் முகத்தைச் சுளிக்கிறார். அவருக்கோ அப்படி மாறுவதுதான் பாட்டு உயிரோடிருப்பதன் அடையாளம். தம் மாணவர்கள் வழியே ஊர்களுக்குப் போன பாடல், அங்குள்ளோர் கைபட்டு அடி கூடியும் குறைந்தும் பாடப்படுவதை அவர் விரும்பினார். நாட்டுப்புறப் பாட்டுக்கு உடைமையாளர் இல்லை. பாடுபவரே அதைத் திரும்பப் படைக்கிறார். அப்படியானால் அப்பாட்டில் உள்ள இறையியலையும் ஏழைகள் திருத்தலாம் என்று ஆகிறது. நம்மை அஞ்ச வைப்பது மெட்டு அன்று, இதுதான்.

நிற்க. இவையெல்லாம் இசையைப் பற்றியவை. பரட்டையின் இறையியலுக்கு மையமாக இருந்தது இசை அன்று, சோறு. 'ஒரே உலை' என்பது அவர் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்ட சொல். ஒரு குடும்பத்துக்கு ஒரு உலை. உலை பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று பொருள். பாகப்பிரிவினையைக் கண்ட எவருக்கும் இது விளங்கும். கடவுள் அனைவரையும் பெற்றவர் என்றால் உலகம் முழுமைக்கும் உலை ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். நற்கருணை அந்த உலையின் சோறு. 'பெத்தவரே' என்று அழைத்துவிட்டுத் தனித்தனியே பொங்கித் தின்ன முடியாது. பறை, பேச்சுமொழி, கும்மி யாவும் அந்த ஒரே உலைக்கு மக்களை அழைத்து வரும் வழிகள். நாம் செய்ததோ, வழியை எடுத்துக்கொண்டு உலையை விட்டுவிட்டோம். களவு என்று மேலே சொன்னது இதைத்தான்.

இப்போது நம் குற்றத்தையும் சொல்லிவிடவேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் இச்சமவெளியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினோம். பாதுகாவலர் திருவிழாவில் சப்பரத்துக்கு முன் பறையடித்து வந்தவர்கள் கோவில் படிக்கட்டருகே நின்றுவிட்டார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் மட்டும் உள்ளே வந்தார்கள். வயதில் மூத்த கலைஞர் தம் பறையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கை கழுவி, கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். திருப்பலி முடிந்ததும் அவரிடம், கருவியை ஏன் உள்ளே கொண்டுவரவில்லை என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "உள்ளாற வந்தா தோலு குளுந்துரும் சாமி" என்றார்.

பறையைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தெரியும்: வட்டமான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை வைக்கோல் நெருப்பில் காய்ச்சினால்தான் ஓசை கணீரென்று எழும். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. தோல் தளர்ந்தால் இரண்டும் பயனற்றவை. ஆகவே அவர் சொன்னது பொய் அன்று. ஆனால் காரணம் அதுவன்று என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நம் முகம் வாடக்கூடாதே என்று அந்தப் பெரியவர் ஒரு தொழில் நுட்பத்தைச் சொல்லி நம்மைக் காப்பாற்றினார். நாமும் விடுதலை பெற்றவரைப்போல் அந்த விடையை வாங்கிக்கொண்டு, பங்கு இல்லத்துக்குப் போய் உணவருந்தினோம். அன்று விருந்து தெருத்தெருவாகத் தனித்தனியே சமைக்கப்பட்டது. எந்தத் தெருச் சோறு நம் மேசைக்கு வந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பறை சாவு வீட்டுக்குரியது, பீடத்தருகே அதற்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். ஆலய இசையின் அரசியாக நாம் ஏற்றுக்கொண்ட ஆர்கனின் பிறப்பு வரலாற்றை இவர்கள் அறிவார்களா? பழைய உரோமையரின் நீர் ஆர்கன், களத்தில் மனிதர் மனிதரை வெட்டிச் சாய்த்த விளையாட்டுகளுக்குப் பின்னணியாக வாசிக்கப்பட்டது. திருச்சபைத் தந்தையர் காலத்தில் அது கோவிலுக்குள் வரவில்லை. நூற்றாண்டுகள் கழித்தே வந்தது. கொலைக்களத்து இசைக்கருவியைக் கழுவி ஏற்றுக்கொண்ட திருச்சபைக்கு, இறந்தவரை மதிப்போடு வழியனுப்பும் கருவி தீட்டாகிவிட்டதா? அதுவும், ஒவ்வொரு திருப்பலியிலும் ஒரு சாவை அறிவிக்கிறோம் என்று பாடிய வாயோடு!

செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்ததும் தோல் கட்டிய வட்டச் சட்டக் கருவிதான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது பறையையும் சேர்த்தே கூறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, தம் எண் 119இல், தனி இசை மரபு உடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தரப்படவேண்டும் என்கிறது. அடுத்த எண்ணில், பிற கருவிகள் புனிதப் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த 'ஏற்றவை' என்ற ஒரு சொல்லுக்குள்தான் நம் சாதி இத்தனை ஆண்டுகளாக ஒளிந்துகொண்டிருக்கிறது.

கீர்த்தனையை நாம் இகழவில்லை. கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இசை பயின்றது நம் திண்டுக்கல்லில்தான். அது நமக்குப் பெருமை. ஆனால் நல்ல இசை நல்ல உலையைத் தானாகவே தந்துவிடாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவப் பாடலின் பெருங்கவிஞர். அவரே 1820களின் இறுதியில், ஆலயத்தில் சாதி வேற்றுமையை ஒழிக்க முயன்ற மறைப்பணியாளர்களை எதிர்த்து எழுதினார். பாட்டு உயர்ந்து நின்றது. பந்தி பிரிந்து நின்றது. சீர்திருத்தச் சபையாரின் கதை என்று நாம் நகைக்கவேண்டாம். வடக்கன்குளத்தில் நம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த சுவரை, கௌசானல் அடிகளார் 1910இல் இடித்தபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் நம் செபமாலையைச் செபித்தவர்களே.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்கச் சிற்றூர் மக்களின் 'கன்ட்ரி' இசையை நம் இளைஞர் சிலர் இப்போது கிதாரோடு பாடுகிறார்கள். அவ்விசையின் முத்திரையாகிய பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி மரபில் பிறந்தது. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் முதல் கறுப்பின நட்சத்திரமாக விளங்கியவர் டீஃபோர்ட் பெய்லி. மவுத் ஆர்கனில் இரயில் ஓடும் ஓசையை எழுப்பி மக்களை மயக்கியவர். ஊர் ஊராகச் சென்று வெள்ளைக் கலைஞர்களோடு ஒரே மேடையில் வாசித்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் உண்ட உணவகத்தில் உண்ணவும், தங்கிய விடுதியில் தங்கவும் அவருக்கு இடமில்லை. 1941இல் அவரை நீக்கினார்கள். பின்னர் காலணிகளுக்கு மெருகு போட்டுப் பிழைத்தார், 1982இல் இறந்தார். அவ்விசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005இல். பரட்டை அண்ணன் கண்மூடிய அதே ஆண்டில். மேடை ஒன்று, உலை இரண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

நமக்கு மிகக் கடினமாக இருந்த எதிர்ப்பு மேல்தெருவிலிருந்து வரவில்லை. சென்ற ஆண்டு நம் பங்கின் இளைஞர் ஒருவரிடம், திருவிழாத் திருப்பலியில் பறையைக் கோவிலுக்குள் அடிக்கலாமே என்றோம். தோல் கிடங்கில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருவரின் மகன் அவர். "எங்க தாத்தனோட அத விட்டாச்சு சாமி. வெளிய அடிச்சது போதாதுன்னு உள்ளயும் எங்களையே அடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நாம் வாயடைத்துப் போனோம். அவர் கேட்டது முற்றிலும் நேர்மையான கேள்வி. இழவுக்கும் திருவிழாவுக்கும் கூலியாகவோ கட்டாயமாகவோ சுமத்தப்பட்ட ஒரு வேலையை, 'கலை' என்று பெயர் மாற்றித் திரும்பவும் அவர்கள் தோளிலேயே ஏற்றினால், அது இன்னொரு கொடுமை.

ஆயினும் இதே திண்டுக்கல்லில் வேறொரு விடையும் இருக்கிறது. அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலித் இளம்பெண்களுக்குப் பறையைக் கற்பிக்கிறது. ஆண்கள் மட்டுமே தொட்ட கருவியை, இழிவென்று ஒதுக்கிய கருவியை, அப்பெண்கள் தாமாக விரும்பித் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே அவர்கள் பயிற்சி பெறுகிறார்கள், கூடி வாழ்கிறார்கள், கூடி உண்கிறார்கள். அந்த இளைஞரின் சினத்துக்கும் இப்பெண்களின் பெருமிதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு கருவியில் இல்லை. பரட்டையின் பாடல்களை ஆராய்ந்து 2014இல் முழு நூலே வெளியிட்ட அமெரிக்க இசையறிஞர் சோயி ஷெரினியன், சக்தி குழுவைப் பற்றியும் ஆவணப்படம் எடுத்தார். கடல் கடந்து ஒருவர் தேடி வந்து கற்றுச் சென்றதை, நகரத்துக்குள் இருக்கும் நாம் எத்தனை பேர் சென்று பார்த்தோம்?

கொரிந்து நகரத்துச் சபையிலும் பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள்; உழைத்துவிட்டுத் தாமதமாக வந்தவர்கள் பசித்திருந்தார்கள். பவுல் அடியார் அவர்களுடைய பாடலைத் திருத்தவில்லை. நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று அவர்களுடைய பந்தியைக் கண்டித்தார். திருவழிபாட்டைப் பற்றிய நம் கருத்தரங்குகளில் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் நற்கருணை ஏற்படுத்திய வசனங்களிலிருந்து தொடங்கி வாசிக்கிறோம். அதற்கு மேலே உள்ள ஆறு வசனங்களை ஒருநாள் சேர்த்து வாசித்தால் நல்லது.

ஒரே உலை என்பது ஏட்டுக் கனவு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களை நகரத்தின் ஓரத்தில் உள்ள முத்தழகுபட்டிக்கு அழைத்துச் செல்வோம். புனித செபஸ்தியார் திருவிழாவில் நேர்த்திக்கடனாக வரும் ஆடுகளும் கோழிகளும் அரிசியும் பொதுச் சமையலில் சேர்ந்துவிடுகின்றன. எந்த ஆடு யாருடையது என்று சட்டிக்குள் தெரியாது. இரவில் ஆயிரக்கணக்கானோர், பிற சமயத்தவரும் கலந்து, வரிசையாக அமர்ந்து உண்கிறார்கள். இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன் சொல் தேடிக் கண்டடைந்ததை நம் பாட்டிமார் அங்கே ஏற்கெனவே கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் முடிவது, ஒரு பங்கில் முடிவது, மற்ற பங்குகளில் மட்டும் ஏன் முடியாது?

ஆகவே, அருட்சகோதரர்களுக்கும் இசைக்குழுவினருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. உலையை ஒன்றாக்க மனமில்லாத பங்கு பறையையும் தொடவேண்டாம். நாட்டுப்புற மெட்டையும் விட்டுவிடட்டும். கீபோர்டிலுள்ள அந்தப் பொத்தானை அழுத்தாமலே இருக்கட்டும். பழைய இலத்தீன் பாடல்களையே பாடட்டும். அவற்றை நாம் யாரிடமிருந்தும் திருடவில்லை.

நம் பங்கில் திருவிழா அடுத்த திங்களில் வருகிறது. அந்த இளைஞர் இவ்வாண்டு நம்மிடம் வந்து ஒரு நிபந்தனை விதித்தார்: தெருச் சமையல் நின்று பொதுச் சமையல் நடந்தால், அதில் எல்லாத் தெருவாரும் காய் நறுக்கி, கரண்டி பிடித்து, பரிமாறினால், தாமும் நண்பர்களும் பறையோடு பீடம் வரை வருவார்கள், இல்லையேல் வாசலுக்கும் வரமாட்டார்கள். பங்குப் பேரவையில் இதை வைத்தோம். பறைக்கு ஒருமணி நேர வாக்குவாதத்துக்குப் பின் இசைவு கிடைத்தது. தோல் காய்ச்ச வைக்கோலும் கோவில் முற்றத்தில் ஓரிடமும் ஒதுக்கியாயிற்று. பொதுச் சமையலைப் பற்றி, "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் சாமி" என்றார்கள். நாம் காத்திருக்கவில்லை. சமையலுக்கும் பரிமாறுவதற்கும் முன்வருவோர் பெயர் எழுத, பங்கு அலுவலகத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, மூன்று ஞாயிறுகள் பீடத்திலிருந்து அறிவித்தோம். இதை எழுதும் இந்த இரவு வரை அதில் பதினோரு பெயர்கள் உள்ளன. பதினொன்றும் ஒரே தெருவைச் சேர்ந்தவை.